முதலில் அவன் குலத்தைக் கேள்

முன்னறையில் யாரோ சிரித்தார்கள்.

பனிக்காலத்து விடியலில் பழைய லாரியைக் கிளப்புவது போன்ற சிரிப்பு. முதலில் இரண்டு இருமல், பிறகு ஒரு விக்கல், அப்புறம் சட்டென்று பிடித்துக்கொண்டு கடகடவென ஓடும் சத்தம். சமையலறையில் கோழியைக் கிளறிக்கொண்டிருந்த முச்சனேதாவின் கை அப்படியே நின்றது. அகப்பை சட்டிக்குள் விழுந்தது. குழம்பு தெறித்து என் பாவாடையில் பட்டதைக்கூட அவள் பார்க்கவில்லை.

"யாரது, ஐரீன்? யாரது சிரிச்சது?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான், வேற யாரு?" என்றேன் நான். "சிரிச்சுட்டுப் போகட்டுமே. அழுதுட்டா வரணும்?"

அன்றைக்கு அவள் மகள் ருவாவுக்குப் பரிசம் பேசும் நாள். மாசிங்கோ நகரத்தில், எங்கள் முச்சேக்கே குடியிருப்பில், எனக்கும் அவளுக்கும் ஒரே சுவர். என் வீட்டுப் பெரிய சட்டிகள் எல்லாம் காலையிலேயே அவள் வீட்டுக்கு வந்துவிட்டன. முன்னறையில் ருவாவின் அப்பா ஈனோக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே, கதவோரமாகப் பாயில், தூது வந்த சிகுமிரா ஐயாவும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும். மாப்பிள்ளை ஃபரிசாய் வழக்கப்படி வீட்டுக்குள் வரவில்லை. முனைக்கடை வாசலில் காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். பெண்ணின் தாயும் கூப்பிடும்வரை முன்னறைக்குப் போகக்கூடாது.

ஈனோக்கின் அக்கா எனியா சமையலறைக்குள் வந்தாள். அன்று அவளுடைய நாள். அத்தை இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பரிசமும் நகராது. தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வாய்கொள்ளாச் சிரிப்போடு வந்தாள்.

"வணக்கத்துக்குக் கை தட்டுனது காதுல விழலன்னு சொல்லிட்டேன். மறுபடி தட்டுன்னேன். முட்டி தேய உட்கார்ந்து தட்டுறாங்க ரெண்டு கிழவனும்! அந்தப் பெரியப்பன் இருக்கானே, 'அத்தை, எங்க உள்ளங்கை தேஞ்சா உங்க வீட்டுப் பொண்ணுக்குத்தானே நஷ்டம், நாளைக்கு அவளத் தாங்குற கை இது'ன்னு சொல்றான். வாய் பாரு!"

"அவர் பேரு என்ன மதினி?" முச்சனேதா கேட்டாள். அவள் குரல் இயல்பாகவே கட்டையானது. தொலைபேசியில் பேசினால் 'ஐயா' என்றுதான் எதிர்முனையில் சொல்வார்கள். அந்தக் குரல் இப்போது நூலாக வந்தது.

"ஜைரோஸ். சிரேட்ஸியிலிருந்து வந்திருக்காரு. லாரி ஓட்டி ஓய்வானவராம். ஃபரிசாயோட அப்பன் போனதுக்கப்புறம் இவர்தான் அவன வளர்த்துப் படிக்க வெச்சாராம். ஏன், தெரியுமா உனக்கு?"

"இல்ல" என்றாள் முச்சனேதா.

எனியா திரும்பிப் போனதும் அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் பதறிப்போய் ருவாவைக் கூப்பிட வாயெடுத்தேன். என் கையைப் பிடித்து வெட்டும் பார்வை பார்த்தாள்.

"அவ வேணாம். கொல்லையில கீரை பறிக்கட்டும். ஐரீன், எனக்குச் சாவு வந்திருச்சு."

*

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முச்சனேதா என்ற பெயருக்கு 'நீங்கள்தான் களைத்துப் போவீர்கள்' என்று பொருள். அவள் பிறந்தபோது அண்டை அயலார் அவள் தாயைப் பற்றி ஓயாமல் புறம் பேசினார்களாம். பேசுகிறவர்களுக்குப் பதிலாக அந்தத் தாய் பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தாள். பிள்ளை அந்தப் பெயருக்கேற்றபடியே வளர்ந்தது. அவளைக் களைப்பாக்க முயன்றவர்கள்தான் களைத்தார்கள்.

ஈனோக் வேலை பார்த்த ஆலை மூடியபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எழுந்தாள். குரோஷா ஊசியால் மேசைவிரிப்பு பின்னி, எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவில் வீடு வீடாக விற்று, எண்ணெயும் சோப்பும் சர்க்கரையும் சுமந்துகொண்டு வந்தாள். கடைத் தட்டுகளில் தூசி மட்டும் இருந்த வருடங்கள் அவை. எங்கள் தெருவில் பாதிப்பேர் அவள் முதுகில் வந்த மாவைத்தான் தின்றோம். ஈனோக்கும் தின்றார். நல்ல மனிதர்தான். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார். கேட்கவும் மாட்டார்.

தனியாகப் போகிற பெண்ணுக்கு வழியில் என்னவெல்லாம் காத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பாவாடைக்கு உள்ளே முழுக்கால் சட்டை போட்டுக்கொள்வாள். பேருந்தில் ஏறியதும், பிள்ளையோடு இருக்கும் ஒரு கிழவியைத் தேடிப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்வாள். "மடியில பிள்ளை இருந்தா எந்தப் பயலும் உத்துப் பாக்கமாட்டான். மூத்திரம் போனா போகட்டும், துவைச்சுக்கலாம்" என்பாள். மூடி திறந்த பாட்டில் யார் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். நடத்துனர் காதில் விழும்படி, இல்லாத அண்ணனோடு தொலைபேசியில் பேசுவாள். "ஆமாண்ணே, எல்லையிலதான் நிக்கிறியா? உன் கூட இன்னும் நாலு போலீஸ்காரங்களா? சரிண்ணே." அந்தத் தொலைபேசியில் பல மாதம் பேட்டரியே கிடையாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காவல் ஒன்று வைத்திருந்தாள். புதிதாக வியாபாரத்துக்குக் கிளம்பும் பெண்களுக்கு அதைத்தான் காதோடு சொல்லி அனுப்புவாள்.

"முதல்ல அவன் குலத்தைக் கேளு. அப்புறம் உன் குலத்தைச் சொல்லு."

எங்கள் மக்களுக்கு ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு உண்டு. ஒரே விலங்கைச் சொல்லும் ஆணும் பெண்ணும், முன்பின் பார்த்திராவிட்டாலும், கூடப் பிறந்தவர்கள். அவளைத் தொட நினைப்பதே இரத்தக் குற்றம். மழை பொய்க்கும், பிள்ளை ஊமையாகப் பிறக்கும், செத்த முன்னோர்கள் எழுந்து வருவார்கள். போலீசுக்குப் பயப்படாத போக்கிரியும் இதற்குப் பயப்படுவான். லாரிக்காரன் சிங்கம் என்றால் முச்சனேதாவும் சிங்கம். அவன் யானை என்றால் இவளும் யானை. "அட என் அண்ணனே!" என்று ஒரு கூவல். அவ்வளவுதான், அவள் எல்லைவரை தங்கச்சி. பிறந்த குலம் மட்டும் ஒன்றுதான், அது மாறாது. அவள் ஹோவே. மீன் குலம். தன் குலத்து உயிரைத் தின்றால் பல் கொட்டும் என்பது பால்குடி மறப்பதற்கு முன்பே எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம். மீன் வறுக்கும் வாசனை வந்தால் எங்கள் வீட்டுச் சுவரை இடித்து, "ஐரீன், ஜன்னலைச் சாத்து!" என்று கத்துவாள்.

அந்த முச்சனேதா, சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, என் காதில் சொன்னாள்:

"நான் மீன் தின்னிருக்கேன், ஐரீன்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

*

பெட்ரோல் இல்லாமல் பேருந்துகள் நின்றுபோன ஒரு சமயம். மேசைவிரிப்பு மூட்டையோடு தெற்குச் சாலையில் நின்றவளை ஒரு லாரி ஏற்றிக்கொண்டது. ஓட்டுநர் வேடிக்கையாகப் பேசினார், கடகடவென்று சிரித்தார். ஊர் தாண்டியதும் கியரை மாற்றிய கை, கியரிலிருந்து அவள் முழங்காலுக்கு வந்தது.

"நான் கையப் பாக்கல. சாலையத்தான் பார்த்தேன். 'அண்ணே, நீங்க என்ன குலம்?'னு கேட்டேன். சோகோன்னாரு, குரங்குக் குலம், 'முகன்யா'ன்னு மரியாதையாக் கூப்பிடுவாங்க. 'ஐயோ முகன்யா! நானும் சோகோதான்! என் அப்பன் வயித்துப் பிள்ளையா நீங்க!'ன்னு கத்தினேன். கை தீப்பட்ட மாதிரி ஓடிப்போச்சு."

ஆனால் மனிதர் லேசில் ஏமாறுகிறவர் இல்லை. ருண்டே பாலத்தில் வண்டியை நிறுத்தி, சாலையோரம் வறுத்து விற்கும் ஆற்று மீனில் இரண்டு வாங்கினார். ஒன்றை அவளிடம் நீட்டினார். அவர் இன்னும் தின்ன ஆரம்பிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடு தங்கச்சி. ஹோவேக்காரிதான் மீன் தொடமாட்டா. சோகோக்காரிக்கு என்ன?"

அவள் தின்றாள். முள்ளோடு தின்றாள். தன் அப்பாவை, அவர் அப்பாவை, ஆற்றடியில் படுத்திருக்கும் அத்தனை முன்னோரையும் மென்று விழுங்கினாள். "நல்லா இருக்குண்ணே" என்று வேறு சொன்னாள்.

புபி தாண்டி வனாந்தரத்தில் லாரி படுத்துவிட்டது. முன்னும் பின்னும் ஒரு விளக்கு கிடையாது. அவர் தன் படுக்கையையும் கம்பளியையும் அவளுக்குக் கொடுத்துவிட்டு, கதவை உள்ளிருந்து பூட்டிக்கொள்ளச் சொல்லி, லாரிக்கு அடியில் சக்கரங்களுக்கு நடுவே படுத்தார். விடிந்ததும் தகரக் குவளையில் டீ போட்டுக் கொடுத்தார். எல்லையில் இறக்கிவிடும்போது கண் கலங்கினாராம். "எனக்குக் கூடப் பிறந்தவ கிடையாது. இனிமே நீதான்."

"கடவுள் மாதிரி நடந்துக்கிட்டாரு ஐரீன். பொய் சொன்னவ நான்தான்" என்றாள் முச்சனேதா.

"அது சரி, இப்ப எதுக்கு நடுங்குற? யாருன்னு தெரியாத மாதிரி இருந்துட்டுப் போயேன்."

"அவருக்கு என்னை அடையாளம் தெரிஞ்சா? நான் சோகோன்னா, ருவா அவருக்குத் தங்கச்சி மக. ஃபரிசாய் அவ மாமன் முறை. எப்படிக் கட்டுவாங்க?"

எங்களில் தாய்மாமனின் மகனும் மாமன் முறைதான். தாய்மாமன் வீடு கைகூப்பும் வீடு, கைப்பிடிக்கும் வீடு அல்ல. மாமன் முறைக்காரனைக் கட்டுவது அப்பனைக் கட்டுவது போல.

"அப்ப உண்மையச் சொல்லிடு."

"சொன்னா?" அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தன் குலத்தைத் தின்னவன்னு சொல்லுவாங்க. ஒரு ராத்திரி ஒருத்தன் லாரியில படுத்திருந்தாளாம், அவன் தொடலையாம், யாரு நம்புவா? ஈனோக் நம்புவாரா? சொன்னா என் பேரு போகும். சொல்லலன்னா அவ கல்யாணம் போகும்."

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ருவா வந்தாள். கை நிறையக் கீரை. முகம் நிறையச் சிரிப்பு. "அம்மா, ஏன் கீழ உட்கார்ந்திருக்க? கோழி கருகுது பாரு!"

முன்னறையிலிருந்து எனியாவின் குரல் வந்தது. "ருவா அம்மா! தாய்க்கான பசுவைப் பேசியாச்சு. வந்து நன்றி சொல்லிட்டுப் போ!"

*

தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக்கொண்டு அவள் போனாள். வாசற்படியருகே மண்டியிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை. உள்ளங்கையைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். நானும் ருவாவும் கதவிடுக்கில் நின்றோம்.

தட்டியதோடு எழுந்துவிடலாம் என்று நினைத்தாள் பாவம். எனியா விடுவாளா?

"வாய் இல்லையா உனக்கு? ஊருக்கே கேக்குற குரலு, இன்னைக்கு எங்க போச்சு? நன்றின்னு சொல்லு."

"நன்றி, முகன்யா" என்றாள் முச்சனேதா.

ஜைரோஸ் தலையைத் தூக்கினார். நரைத்த தாடி, பெரிய கைகள், மடியில் ஒரு பழுப்புத் தொப்பி. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பாயிலிருந்து முட்டியாலேயே நகர்ந்து வந்தார்.

"இந்தக் குரல்... ஏம்மா, கொஞ்சம் நிமிரு." அவள் நிமிர்ந்தாள். "ஐயோ! என் தங்கச்சி! சிகுமிரா, பாருய்யா, என் தங்கச்சி! ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேனே, லாரியில கிடைச்ச என் ரத்தம்! என் அப்பன் கல்லறையில போய்க்கூடச் சொன்னேன், 'உனக்கு ஒரு மக இருக்கா'ன்னு! இவதான்!"

அந்த மனிதரின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். சிகுமிரா ஐயா கைதட்டினார். ஈனோக் ஒன்றும் புரியாமல் புன்னகைத்தார். அடுத்த நொடி ஜைரோஸின் முகம் விழுந்தது.

"அப்படின்னா இந்தப் பொண்ணுக்கு... நான் தாய்மாமனா? என் பையனுக்கு என் தங்கச்சி மகளையா பேச வந்திருக்கேன்?" தொப்பியை எடுத்துக்கொண்டார். "சிகுமிரா, தட்டை எடு. இது நடக்காது. ரத்தக் குற்றம்."

என் பக்கத்தில் ருவாவின் கையிலிருந்த கீரை கீழே விழுந்தது.

"இருங்க, இருங்க" என்று எனியா குறுக்கே வந்தாள். "யாரு சோகோ? இவளா? இவ ஹோவே. எங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து மீன் சட்டியக்கூடத் தொட்டது கிடையாது."

"ஹோவேயா?" ஜைரோஸ் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு கிளம்பாமலேயே நின்றது. "அத்தை, என் கண் முன்னாடி மீன் தின்னாம்மா இவ. முழு மீன், தலையோட. எந்த ஹோவேக்காரி அப்படிச் செய்வா? உங்களத்தான் ஏமாத்தியிருக்கா."

எல்லாக் கண்களும் முச்சனேதாவின் மேல். ஈனோக் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது குலத்தைப் பற்றி அல்ல.

"லாரியா? எந்த லாரி?"

முச்சனேதா கதவிடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள், வேலை செய்யப் போகிறவளைப்போல.

"நான் ஹோவேதான். பொய் சொன்னேன். இவர் கிட்ட மட்டும் இல்ல, ஏறின லாரியிலெல்லாம் சொன்னேன். சிங்கம்னு சொல்லியிருக்கேன், யானைன்னு சொல்லியிருக்கேன். தனியாப் போறவளுக்கு வேற என்ன பூட்டு இருக்கு? இவர் மீனை நீட்டினாரு. தின்னலன்னா நான் ஹோவேன்னு தெரிஞ்சிரும். தின்னேன். எங்க அப்பா மன்னிக்கட்டும், மன்னிக்காம போகட்டும்."

"அதான் உன் முன்பல்லு போச்சா!" என்று எனியா அலறினாள். "பஸ் கதவு இடிச்சுதுன்னு சொன்னியேடி பாவி!"

"பஸ் கதவுதான் மதினி இடிச்சுது. மீன் தின்ன மறுவாரம்."



"ஏறின லாரியிலெல்லாமா?" ஈனோக்கின் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு நாளும் சொல்லலியே."

"நீங்க ஒரு நாளும் கேக்கலியே, ருவா அப்பா. எண்ணெய் டின்ன இறக்கி வெச்சேன். 'நல்ல எண்ணெயா'ன்னு கேட்டீங்க. 'எப்படி வந்த'ன்னு கேக்கல."



ஜைரோஸின் முகம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவருக்கு இது நல்ல செய்தி. தடை விலகிவிட்டது, பையனுக்குப் பெண் கிடைத்துவிட்டாள். சிகுமிரா ஐயாகூட நிம்மதியாக மூச்சுவிட்டு, "அப்போ ஒண்ணும் கெட்டுப்போகல, முகன்யா. பயந்துபோன பொம்பள சொன்ன பொய். சிரிச்சுட்டு விட்டுரலாம்" என்றார்.

"சிரிக்கிறதா?" ஜைரோஸ் எழுந்து நின்றார். பரிசப் பாயில் உட்கார்ந்தவர் விடை வாங்காமல் எழுந்து நிற்கக்கூடாது. அவர் நின்றார். விரலை நீட்டினார். "என்னையா ஏமாத்தின? லாரிக்கு அடியில, குளிர்ல, எண்ணெய் ஒழுகி என் மூஞ்சியில சொட்டச் சொட்ட விடிய விடியப் படுத்துக் கிடந்தேன். தங்கச்சின்னு நெனச்சு! வேற குலம்னு தெரிஞ்சிருந்தா சும்மா விட்டிருப்பேனா? அந்த ஒரு தடவதான்..."

நின்றார்.

சொன்னது என்ன என்று அவர் காதுக்கே அப்போதுதான் எட்டியது போலிருந்தது. விரல் காற்றில் அப்படியே நின்றது. சமையலறையில் கோழி கருகும் வாசனை வீடு முழுக்கப் பரவியது. எத்தனை வருடம் அந்தக் கம்பளியின் சூட்டை நினைத்து இவள் அந்த மனிதருக்காக ஜெபித்திருப்பாள்! கடவுள் மாதிரி என்றாளே, சற்று முன்பு கூடச் சொன்னாளே!

"அந்த ஒரு தடவதான், என்ன?" என்று கேட்டது எனியா. அவள் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

"சும்மா... கோவத்துல வந்த பேச்சு அத்தை. பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குத்தானே வந்திருக்கீங்க. பேசுங்க."



முச்சனேதாவும் எழுந்தாள். மண்டியிட்டே இருக்க வேண்டியவள், எழுந்து அவருக்கு நேர் எதிரே நின்றாள். அழுதாளா? இல்லை. கண் அகல விரிந்திருந்தது, பாதாளத்தை எட்டிப் பார்த்தவளைப்போல.

"முகன்யா" என்றாள். "நான் உங்களை நல்லவர்னு நெனச்சேன். பொய்யால உங்களைக் கேவலப்படுத்திட்டேன்னு இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். அந்தப் பொய் இல்லன்னா... உங்க லாரியில எத்தனை பொம்பளைங்க ஏறியிருப்பாங்க? அத்தனை பேருக்குமா சோகோன்னு சொல்லத் தெரிஞ்சிருக்கும்?"

என் அருகில் ருவா இல்லை; எப்போது போனாளோ, கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. சிகுமிரா ஐயா பரிசத்தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஈனோக் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மனைவியின் பக்கத்தில் நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தோளில் கிடந்த தலைத்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டார், சந்தையில் தொலைந்துபோன பிள்ளையைப்போல.

சற்று நேரத்தில் முன்வாசலில் நிழல் விழுந்தது. ஃபரிசாய். அவனுக்குப் பின்னால் ருவா. பரிசம் முடியும்முன் மாப்பிள்ளை இந்த வீட்டுப் படியை மிதிக்கலாமா? மாமியார் முகத்தை நேருக்கு நேர் பார்க்கலாமா? யாரும் அதைச் சொல்லவில்லை. வழியெல்லாம் ருவா சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. புதுச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வாடா போலாம்" என்றார் ஜைரோஸ். "இந்த வீடு நமக்கு வேணாம். பொய்க்காரங்க."

"பெரியப்பா" என்றான் அவன். "அவங்க ஏதோ கேட்டாங்களாமே."

"எதக் கேட்டாங்க?"

"எத்தனை பேருன்னு."

"உன்னைப் படிக்க வெச்சவன்டா நான்! உன் அப்பன் செத்தன்னிக்கு உன்னைத் தூக்கினவன்டா!"

"தெரியும் பெரியப்பா. மறக்கல, சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்." அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "அவங்களுக்குப் பதில் சொல்லுங்க. இல்லன்னு சொல்லுங்க. யாரும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் உங்க கூட இப்பவே வந்துர்றேன்."

ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்காக அந்த அறையே ஏங்கியது. முச்சனேதாவும் ஏங்கினாள் என்று நான் சத்தியம் செய்வேன். அவர் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள், நம்ப விரும்பியிருப்பாள்.

ஜைரோஸ் தொப்பியைப் பார்த்தார். அதன் விளிம்பில் எதையோ தட்டிவிட்டார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார், இங்கே தனக்கு எந்த உறவாவது மிச்சமிருக்கிறதா என்பதுபோல. பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

படியில் நின்று, திரும்பாமல், "ஃபரிசாய்" என்றார்.

ஃபரிசாய் அவர் எழுந்த பாயில், சிகுமிரா ஐயாவின் பக்கத்தில், மண்டியிட்டு உட்கார்ந்தான். தலையைத் தூக்கவில்லை. ருவா அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. அம்மாவின் பக்கத்திலும் நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே, சுவரோடு சாய்ந்துகொண்டு, அவனுடைய குனிந்த கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்றைக்கு நிறையக் கேள்விகள் இருந்திருக்கும். அவற்றைக் கேட்க அவளுக்கு வாய் இருந்தது, கேட்டால் பதில் சொல்ல அவன் இருந்தான்.

வெளியே காலடிச் சத்தம் முற்றத்தைத் தாண்டியது. இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

அந்த வீட்டு முன்கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். யாராவது தோளால் முட்டித்தான் சாத்த வேண்டும். எப்போதும் ஈனோக்தான் அதைச் செய்வார். அவர் நகர்வதற்குள் முச்சனேதா போய்விட்டாள். தோளைக் கொடுத்து ஒரே முட்டு. கதவு சட்டத்தில் போய் உட்கார்ந்தது. அவள் தாழ்ப்பாளையும் போட்டாள்.